மூன்று கேமராவுக்கு ஒரு தேங்காய்

தன்னைப் பாராட்டித் தட்டினால் மட்டும்தான் டைரக்டர் ஞானவடிவேலுக்குக் கைதட்டல் பிடிக்கும். கானா பேண்டின் கச்சேரியைப் படம்பிடிக்க மூன்று கேமராக்களும் ஓடத் தொடங்கியிருந்தன. தனிக் கருவியில் ஒலியைப் பதிவு செய்யும் ஜெரினா, மேடையேறி, கேமராக்களுக்கு முன் கையை ஒரு தட்டு தட்டப் போனாள்.

"என் ஃபிரேம்ல நீ எதுக்கும்மா?"

"சத்தத்தையும் படத்தையும் பிறகு பொருத்த ஒரு கிளாப் வேணும் சார்."

"எனக்கே பாடமா? இறங்கு."

இறங்கினாள். மேடையோரம் வைத்திருந்த பூசைத் தட்டிலிருந்து தேங்காயை எடுத்து அவரிடம் நீட்டினாள். "முதல் பாட்டுக்கு முன்னாடி, உங்க கையால உடைச்சா நல்லா இருக்கும் சார்."

அதை அவர் மறுக்கவில்லை. கேமராக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, மேடை முன்னாலிருந்த கல்லில் ஓங்கி உடைத்தார்.

மறுநாள் மாலை நான்கு மணி. ஆறு மணிக்கு ஒளிபரப்பு. எடிட்டிங் அறைத் திரையில் பாடகி வாயை மூடிய பிறகும் பாட்டு வந்துகொண்டிருந்தது. தயாரிப்பாளர் தாமோதரனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"கிளாப் அடிக்காம ரெக்கார்ட் பண்ணியிருக்கா இந்தப் பொண்ணு" என்றார் டைரக்டர். "இன்னியோட இவளை அனுப்பிடுங்க."

ஜெரினா படத்தை ஆரம்பத்துக்கு ஓட்டினாள். தேங்காய் சிதறும் இடத்தில் நிறுத்தி, அது சிதறிய சத்தத்தை அதற்கு நேராக இழுத்து வைத்தாள். மற்ற இரண்டு கேமராவுக்கும் அப்படியே செய்தாள். பாடகியின் உதட்டில் பாட்டு வந்து உட்கார்ந்தது.

தாமோதரன் நிமிர்ந்தார். "அப்போ கிளாப் அடிச்சது யாரு?"

படத்தை மறுபடி ஆரம்பத்துக்கு ஓட்டி, திரையில் தேங்காயோடு சிரித்துக்கொண்டிருந்தவரைக் காட்டினாள் ஜெரினா.

"சார்தான். என்னை இறக்கிவிட்டுட்டு, அவரே அடிச்சாரு."