தோள் எலும்பு

“கால் இல்லை. அப்புறம் இது பாம்பு இல்லாம வேறென்ன டீச்சர்?” என்று கேட்டார் கோதண்டம்.

டீச்சர் மெஹருன்னிசா, கல்லுக்குள் கல்லாகிப்போன அந்த எலும்புக்கூட்டை மறுபடியும் அவர் பக்கமே தள்ளி வைத்தார்.

கோதண்டம் முப்பது வருடம் மில் வாசலில் தொழிற்சங்கத்துக்காகப் பேசியவர். சங்கத் தலைவர்கள் நிர்வாகத்தோடு போட்ட ஒப்பந்தத்தைத் துரோகம் என்றார். சங்கம் அவரை வெளியே தள்ளியது. கூட நின்றவர்களில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகுதான் சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருந்த இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். தன்னைவிட இளையவரான டீச்சரிடம் கல் சுரண்டப் பழகினார். எலும்புகள் யார் காலையும் வாருவதில்லை.

“இதோட கட்டியிருக்கிற பழைய சீட்டுலயும் பாம்புன்னுதான் எழுதியிருக்கு.”

“எழுதினவர் கழுத்துக்குக் கீழே ஒட்டின கல்லை எடுக்கவே இல்லைண்ணே.”

கோதண்டம் ஊசியை எடுத்தார். சாயங்காலம்வரை சுரண்டினார்.

வெளியே ஒரு வேன் வந்து நின்றது.

“யாரு?” என்று கேட்டார் டீச்சர்.

“என்னை மாதிரி துரத்தப்பட்டவங்க. பல சங்கத்து ஆளுங்க. புதுசா ஒரு சங்கம் வைக்கிறோம். இன்னைக்கு நடக்கிற கூட்டத்துக்கு நான்தான் தலைமை.”

“எதுக்காக வைக்கிறீங்க?”

“எல்லாரையும் துரத்திட்டாங்களே, அது போதாதா? இழந்தவன் எல்லாம் ஒரே இனம் டீச்சர்.”

மெஹருன்னிசா அலமாரியைத் திறந்தார். மூன்று எலும்புக்கூடுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று பாம்பு. ஒன்று கால் இல்லாத பல்லி. ஒன்று மண்ணுக்குள் வாழும், தவளைக்கு உறவான ஒரு பிராணி.

மூன்றுக்கும் கால் இல்லை.

“ஒரே குடும்பமாண்ணே?”

கோதண்டம் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இல்லை.”

“கால் போனதைச் சொல்லாதீங்க. ஒவ்வொண்ணுக்கும் அது தனித்தனியாப் போனது. இல்லாததை நான் கேட்கலை. இருக்கிறதைச் சொல்லுங்க.”

அவர் தான் சுரண்டிய கல்லின் மேல் லென்ஸோடு குனிந்தார். கழுத்துக்குக் கீழே, விலா தொடங்கும் இடத்தில், புதிதாக வெளிப்பட்டிருந்தன இரண்டு சின்ன எலும்புகள்.

பாம்பில் தேடினார். இல்லை.

கால் இல்லாத பல்லியில் தேடினார். அதே இடம். அதே வளைவு.

“தோள்” என்றார். “கை இல்லை. தோள் இருக்கு டீச்சர்.”

டீச்சர் பழைய சீட்டை உருவிக் கிழித்தார்.

“பல்லின்னு எழுதட்டுமா?” என்று கேட்டார் கோதண்டம்.

“எழுதுங்க. எந்தப் பல்லி இனத்தோட சேர்த்தின்னு தெரியலை. தனி டப்பாவுல வைங்க.”

வேன் ஹாரன் அடித்தது.

கோதண்டத்தின் கை தன் வலது தோளுக்குப் போனது. சங்கக் கொடிக்கம்பம் சாய்ந்து சாய்ந்து காய்த்துப்போன இடம்.

டப்பாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

“கூட்டத்துக்கு நான் வரலை. என்னை மில் வாசல்ல இறக்கி விட்டுடுப்பா.”

டிரைவர் சிரித்தான். “அங்கே உங்களுக்கு இப்ப யார் இருக்கா தலைவரே?”

“இல்லாததைக் கேட்காதே.”