அழிச்ச அஞ்சு கட்டம்

இல்ல தணிகாசலம் சார், மாஸ்டரோட அஜாக்கிரதைன்னு இன்னொரு தடவை சொல்லாதீங்க. கிளப் செயலாளர்னா எத வேணா நோட்டீஸ் அடிச்சு ஒட்டிடலாமா? ஜெசிந்தா மாஸ்டர் இனிமே யாருக்கும் துடுப்பு போடச் சொல்லித்தரக் கூடாதாம். எபனேசர் அண்ணன் செத்த அன்னைக்கு நாம ரெண்டு பேரும் அதே கடல்லதான் இருந்தோம்.

பழவேற்காட்டுலேர்ந்து கோடியக்கரைக்குக் கயாக் படகுல துடுப்பு போட்டே போகணும்னு ஆசைப்பட்டது நாம ஏழு பேரு. ஒருத்தரும் பெரிய சூரன் இல்ல. போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டர்ல உக்கார்ற எபனேசர் அண்ணன்தான் எப்பவும் கடைசியா கரை சேருவாரு. அவரு வேகத்த வச்சுத்தான் மாஸ்டர் திட்டம் போட்டாங்க. ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர், மொத்தம் இருபத்திமூணு நாள். ஒரு நாளுக்கு ஒரு கட்டம்னு சார்ட்ல வரைஞ்சாங்க. அதுல அஞ்சு கட்டம் காலி.

நான்தான் சண்டை போட்டேன். காலியா எதுக்கு, ஊர் சுத்திப் பாக்கவான்னு நக்கலடிச்சேன். காத்து ஏறினா கரையில உக்கார்றதுக்குன்னாங்க. பதினெட்டு நாளுக்கு மேல லீவு கிடைக்காது, அழிக்கச் சொல்லுன்னு நீங்க என்கிட்ட சொன்னீங்க. வாட்ஸப் குரூப்ல எல்லாரும் கட்டைவிரல் போட்டாங்க.

மாஸ்டர் ரப்பர என் பக்கம் தள்ளினாங்க.

"நீயே அழி, குமுதா."

அழிச்சேன். சிரிச்சுக்கிட்டே அழிச்சேன், சார்.

பதினாலாம் நாள், பழையாறு துறைமுகம். விடிஞ்சதுலேர்ந்து கொண்டல் காத்து, கரையப் பாத்து அடிக்குது. முகத்துவாரம் முழுக்க அலை உடைஞ்சு வெள்ளையா கிடக்கு. இன்னைக்கு வேண்டாம்னு மாஸ்டர் சொன்னாங்க. அதுக்கு நாள் எங்க இருக்குன்னு நீங்க கேட்டீங்க. பயமா இருந்தா நீங்க கரையில இருங்கன்னு நான் சொன்னேன். அவங்களப் பாத்து.

எபனேசர் அண்ணன் லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்துக் கட்டிக்கிட்டு நமக்குப் பின்னாடி இறங்கினாரு. மாஸ்டர் அவரு பக்கத்துலயே வந்தாங்க. ரெண்டு தடவை கவுந்தாரு, ரெண்டு தடவையும் ஏத்தி உக்கார வச்சாங்க. மூணாவது தடவை அலை அவர முகத்துவாரத்துக் கல்லுக்கட்டுல கொண்டு போய் அடிச்சுது. அதெல்லாம் அப்புறம் கேட்டதுதான், நாம முன்னாடி போய்ட்டோம். திரும்பிக்கூடப் பாக்கல.

அடக்கம் முடிஞ்சு கல்லறை வாசல்ல மாஸ்டர்கிட்ட கத்தினேன்.

"அன்னைக்கு எங்களப் புடிச்சு நிறுத்தியிருக்கலாம்ல, மாஸ்டர்?"

பையிலேர்ந்து அந்தச் சார்ட்ட எடுத்து விரிச்சாங்க. அழிச்ச தடம் இன்னும் தெரியுது.

"புடிச்சுத்தான் வச்சிருந்தேன். அஞ்சு நாள்."

அந்தச் சார்ட்ட வாங்கிக்கிட்டு வந்துட்டேன், சார்.

ஞாயித்துக்கிழமை இரங்கல் கூட்டத்துல அந்தச் சார்ட்ட மேடையில மாட்டுவேன். எபனேசர் அண்ணன் சம்சாரம் முன்வரிசையில இருப்பாங்க. நான்தான் அழிச்சேன்னு அவங்க முகத்தப் பாத்துச் சொல்லுவேன். யாரு அழிக்கச் சொன்னதுன்னு நீங்க எந்திரிச்சு நின்னு சொல்லணும். மைக் புடிச்சு, எல்லாருக்கும் முன்னாடி.