வெளித் தாழ்ப்பாள்

இருட்டில் கிரீச்சென்று ஒரு சத்தம். ஆரம்ப சுகாதார நிலையத்துப் பிரசவ அறையின் தாழ்ப்பாள் இல்லாத கதவு திறந்துகொண்டது. வாசலில் எவனோ சாராய நாற்றத்தோடு நின்றான். வலியில் கிடந்தவள் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவளுக்குத் துணையாக வந்திருந்த ஜெசிந்தா ஓடிப்போய்க் கதவைத் தள்ளிச் சாத்தினாள். அவளும் நிறைமாதம். அடுத்து அந்தக் கட்டில் அவளுக்குத்தான்.

நிலையத்தின் நோயாளர் நலக் குழுவில் தாய்மார் சார்பில் அவள் உறுப்பினர். அவள் முறையிட்டதும் தாழ்ப்பாள் வந்தது. ஆனால் வேலையை ஒப்பந்தம் எடுத்தவர் அதைக் கதவுக்கு வெளிப்பக்கம் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

குழுத் தலைவர் தணிகாசலம் தீர்மான நோட்டை அவள் முன்னால் தள்ளினார்.

"வேலை திருப்தின்னு கையெழுத்துப் போடும்மா. நீயும் பிரசவத்துக்கு இங்கதானே வரணும்?"

அவள் பேனாவை எடுத்தாள்.

"போடுறேங்க ஐயா. நீங்க பிரசவ அறைக்குள்ள போய் ஒரு தடவை தாழ்ப்பாளைப் போட்டுக் காட்டுங்க, போதும்."

"இதென்ன பெரிய காரியம்?" என்று அவர் உள்ளே போனார். அவள் கதவைச் சாத்தி, வெளியே தாழ் போட்டாள்.

உள்ளே கதவைத் தடவும் சத்தம் கேட்டது. பிறகு தட்டும் சத்தம்.

"ஏம்மா, திற."

"திருப்திதானேங்க ஐயா? அப்படியே எழுதிரட்டுமா?"

மருந்துக்கு நின்ற வரிசை சிரித்தது.

"மாத்தித் தர்றேன்னு எழுதித் தொலை."

எழுதினாள். வரிசையில் நின்ற பெண்களெல்லாம் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பிறகே திறந்தாள்.

பத்தாம் நாள் இரவு அவள் அதே கட்டிலில் வலியோடு கிடந்தாள். வராந்தாவில் தள்ளாடும் காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. நர்ஸம்மா எழுந்துபோய், உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டார்.