தவில் விழுங்கிய ‘நெவர்’

சத்தியம்! தலையில் அடித்துச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் மீசை இப்போதே உதிரட்டும். ரெண்டு மயிர் உதிர்ந்தால் அது வயசுக் கோளாறு, கணக்கில் சேர்க்கக் கூடாது.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் தும்பைக்கோட்டை என்ற சீமையைக் கம்பீரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். பெயர்தான் கம்பீரம், நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும், அப்பேர்ப்பட்ட தொப்பை. அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா பேச்சை நிறுத்தினால் அந்த நொடியே தவில் கொட்ட வேண்டும். கொட்டினால் மூணு ஊருக்கு அப்பால் தேங்காய் உதிரும்.

பிரசவத்தில் பிழைக்க மாட்டாள் என்று எல்லோரும் கைவிட்ட ராணியையும் பிள்ளையையும் காப்பாற்றிக் கொடுத்தவர் பென்னட் என்ற வெள்ளைக்கார டாக்டர். இந்தக் கதை நடந்த அன்று சாயங்காலம் அவர் கப்பலேறப் போகிறார். அவர் பாஷையிலேயே நன்றி சொல்ல வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை. மந்திரி தீர்த்தகிரி ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தார்: ‘ஐ ஹாவ் நெவர் ஃபர்காட்டன் யுவர் கைண்ட்னஸ்.’ உங்கள் கருணையை நான் ஒருபோதும் மறந்ததில்லை என்று அர்த்தம்.

மந்திரியைக் கண்டாலே வயிறு எரியும் புலவர் ஏகாம்பரம், சபையில் அதைக் கேட்டதும் துள்ளி எழுந்தார். “அபச்சாரம் மகாராஜா! ‘ஹாவ்’ புருஷன், ‘ஃபர்காட்டன்’ பெண்டாட்டி. நடுவில் இந்த ‘நெவர்’ யார்? குடும்பத்தைக் கெடுக்கிற பயல்!”

“புலவரே, ரெண்டு பேர் தூக்குகிற பல்லக்கில் மகாராஜா எங்கே உட்காருகிறார்? நடுவில்தானே?” என்றார் மந்திரி.

“பேச்சை மாற்றாதீர். தமிழில் ‘இல்லை’ கடைசியில்தானே வருகிறது? நம் மகாராஜா நாக்கு நம் வழக்கப்படிதான் புரளும். ‘நெவரை’க் கடைசிக்குத் தள்ளுங்கள்!”

ராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. “தீர்த்தகிரி, டாக்டர் வருவதற்குள் உம் பக்கம் நியாயத்தைக் காட்டும். இல்லாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பும்!”

“உத்தரவு. ஒரே ஒரு வேண்டுகோள். புலவர் சொன்னபடியே, தவில் மரியாதையோடு ஒத்திகை பார்த்துவிடலாம். ராணியம்மா திரைக்குப் பின்னால் கேட்கட்டும். படுக்கையில் கிடந்தபோது டாக்டரிடம் இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர் அவர்.”

ராஜா நெஞ்சை நிமிர்த்தினார். “ஐ ஹாவ் ஃபர்காட்டன் யுவர் கைண்ட்னஸ்…” அவ்வளவுதான், மூச்சு முட்டியது. நின்றார்.

திடும்! தவில் கொட்டியது. அந்தச் சத்தத்துக்குள் ராஜா ‘நெவர்’ என்று கத்தினார். அது பக்கத்தில் சாமரம் வீசியவனுக்கே கேட்கவில்லை.

திரையைக் கிழிக்காத குறையாக விலக்கிக்கொண்டு, பிள்ளையும் கையுமாக ராணி வந்து நின்றாள்.

“என்ன பேச்சு இது? உங்கள் கருணையை மறந்துவிட்டேன் என்றா சொல்வது? இந்தப் பிள்ளை இங்கே இருக்கிறதே, யாரால்?”

“கடைசியில் ‘நெவர்’ சொன்னேனே!”

“யார் காதில் விழுந்தது?”

ராஜாவுக்கு வேர்த்துவிட்டது. மந்திரியைப் பார்த்தார். மந்திரி தாழ்ந்த குரலில், “அதனால்தான் மகாராஜா, மூச்சு இருக்கும்போதே அதை நடுவில் சொல்லச் சொன்னேன். நீங்கள் எங்கே மூச்சு வாங்கி நின்றாலும் டாக்டர் மனசு நோகாது,” என்றார்.

ராஜா எழுந்து வந்து, தம் கழுத்து முத்துமாலையை மந்திரிக்குப் போட்டார். “என்னை நன்றிகெட்டவன் ஆகாமல் காத்தீரய்யா!” புலவர் பக்கம் திரும்பினார். “நீர் டாக்டருடைய மருந்துப்பெட்டியைத் தலையில் சுமந்து துறைமுகம் வரைக்கும் நடக்க வேண்டியது. வழியில் வாயைத் திறக்கக் கூடாது.”

டாக்டர் வந்தார். ராஜா ஒரே மூச்சில், நடுவில் ‘நெவர்’ போட்டுச் சொன்னார். தவில் கொட்டி ஓய்ந்தது. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையின் விரலைப் பிடித்துக்கொண்டு, தமக்குத் தெரிந்த தமிழில் ஆரம்பித்தார்.

“நான்… இல்லை… ஒருநாளும்…”

பேச்சு நின்றதும் பழக்கதோஷத்தில் தவில்காரன் குச்சியை ஓங்கினான். ராஜா எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“…மறப்பது… உங்களை,” என்று டாக்டர் முடித்தார்.

சபையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ராஜா அழுதார். அழுகை தீரும்வரை தவில்காரன் கையை அவர் விடவேயில்லை.

நடந்தது இவ்வளவுதான். யாரிடமும் சொல்லுங்கள், ஆனால் சொன்னது யார் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். புலவர் வம்சத்தார் இன்னும் என் தெருவில்தான் குடியிருக்கிறார்கள்.