பேசாத குழாய்

குருவுக்கு வயது முப்பத்தைந்து. சீடருக்கு நாற்பத்தாறு.

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருஷக்கணக்கில் ஊசி போட்டுச் சலித்தபின் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, தெற்கே ஓர் அரசு ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்குப் படிக்க வந்தவர் டாக்டர் தளவாய். அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர் டாக்டர் ஹப்ஸா.

இந்த வயது வித்தியாசம் ஹப்ஸாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. தளவாய்க்குத்தான் கொஞ்சம் உறுத்தியது. அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் வேகம். கூடப் படிக்கும் சின்னப் பையன்கள் ஒரு பரிசோதனை முடிப்பதற்குள் இவர் இரண்டு முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

ஒரு நாள் முற்பகலில் பிரசவ வார்டிலிருந்து போன். பேச்சியம்மாள் என்ற பெண்ணுக்கு மூன்றாவது குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தை சுகம். தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள். ஓ பாசிட்டிவ் உடனே வேண்டும்.

அவளுடைய ரத்த மாதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு புருஷன் கொம்பையா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"நானும் ஓ பாசிட்டிவ்தான்மா. என்னையப் படுக்கப் போட்டு எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க."

"ஜன்னல் பக்கத்துல நில்லுங்கண்ணே. உள்ள பை இருக்கு," என்றார் ஹப்ஸா.

தளவாய் அதற்குள் நான்கு பைகளை வெளியே எடுத்துவிட்டார். செய்ய வேண்டியது இதுதான். பையிலுள்ள சிவப்பணுக்களை நோயாளியின் சீரத்தோடு, அதாவது ரத்தத்தில் தெளிந்து நிற்கும் நீரோடு, கலந்து சூட்டில் வைக்க வேண்டும். அந்த ரத்தம் ஆகாதென்றால் சீரத்திலுள்ள ஆன்டிபாடி போய் அணுக்களில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் மிச்சமிருக்கும் சீரத்தைச் சலைன் விட்டு மூன்று தடவை கழுவிக் கொட்டிவிட்டு, ஆன்டிபாடி ஒட்டிய அணுக்களை ஒன்றோடொன்று கட்டவைக்கும் கூம்ஸ் மருந்தைச் சேர்த்துச் சுழற்ற வேண்டும். அணுக்கள் கட்டிக்கொண்டால் அந்தப் பை ஆகாது. சீராகக் கலைந்து ஓடினால் ஆகும்.

நடுவில் தியேட்டரிலிருந்து போன் வந்தது. "இப்ப வந்துரும், இப்ப வந்துரும்," என்று சொல்லிவிட்டுத் தளவாய் மீண்டும் குழாய்களைப் பிடித்தார்.

நான்கு குழாயும் கலைந்து ஓடின.

"நாலு பையும் பொருந்துது மேடம். அனுப்பிரலாமா?"

ஹப்ஸா ஒரு சின்னக் குப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நாலுலயும் இதுல ஒரு சொட்டு விடுங்க."

"அதான் ஒண்ணும் கட்டலையே மேடம். அங்க ரத்தம் போய்க்கிட்டு இருக்கு."

"குழாய் இல்லைன்னு சொல்லுச்சா? இல்ல, சும்மா இருந்துச்சா?"

குப்பியில் இருந்தவை ஏற்கெனவே ஆன்டிபாடி பூசிவைத்த அணுக்கள். குழாயிலுள்ள மருந்து உயிரோடு இருந்தால் இவற்றை உடனே கட்ட வேண்டும். தளவாய் முகத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டுதான் சொட்டு விட்டார். சுழற்றினார். முதல் குழாயைச் சாய்த்துப் பார்த்தார்.

கலைந்து ஓடியது. இரண்டாவதும் ஓடியது. நான்கும் ஓடின.

நான்காவதை அவர் வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார்.

"மருந்து வேலை செய்யல, மேடம்."

"கழுவினது எத்தனை தடவை?"

போனுக்கு முன்னால் ஒரு தடவை கழுவியது தளவாய்க்கு ஞாபகம் இருந்தது. போனுக்குப் பின்னால் எதுவும் ஞாபகம் இல்லை. கழுவாமல் தங்கிய சீரம் மருந்தையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது. குழாய் பதில் சொல்லவில்லை, ஊமையாகிவிட்டது.

மறுபடி போன். இந்தத் தடவை ஹப்ஸா எடுத்தார்.

"பிரஷர் இறங்குது மேடம்," என்றது தியேட்டர்.

"அரை மணி நேரம் தாங்குமா?"

"தாங்க வைக்கிறோம்."

ரிசீவரை வைத்த கையோடு ஹப்ஸா கையுறையை மாட்டினார். "நீங்க அதே பைகளைத் திரும்பப் பாருங்க. இவ சீரத்துல என்ன இருக்குன்னு நான் பாக்குதேன்."

அதன்பிறகு அந்த அறையில் யாரும் உட்காரவில்லை. இரண்டு சுழல் இயந்திரங்களும் ஒரே சமயத்தில் இரைந்தன. தளவாய் சின்னப் பிள்ளை மாதிரி சத்தமாக எண்ணியபடி கழுவினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. மருந்து விட்டார், சுழற்றினார், சாய்த்தார்.

திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாக நின்றது முதல் குழாய். சற்று முன் பொருந்துகிறது என்று அவர் அனுப்பப் பார்த்த பை.

இரண்டாவதும் கட்டியது. மூன்றாவதும். நான்காவது கலைந்து ஓடியது.

யாரும் சொல்லாமலே தளவாய் குப்பியை எடுத்தார். நான்காவது குழாயில் சொட்டு விட்டார். சுழன்று நிற்கிறவரை இயந்திரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கட்டியது. கெட்டியாக, அழகாகக் கட்டியது.

"கட்டிட்டு மேடம், கட்டிட்டு." அவர் குரல் உடைந்தது.

"இங்கயும் ஆள் மாட்டிட்டாரு," என்றார் ஹப்ஸா. அவர் கண்களும் பளபளத்தன. "சின்ன சி. சிவப்பணு மேல இருக்கிற அந்த ஆன்டிஜென் இவ ரத்தத்துல கிடையாது. புருஷனோடது, வயித்துல இருந்த பிள்ளை வழியா உள்ள வந்திருக்கு. உடம்பு எதிர்த்து ஆன்டிபாடி உண்டாக்கி வச்சிருக்கு. நீங்க பையோட ஓடுங்க. சின்ன சி இல்லாத பை இன்னும் ரெண்டு நான் தேடி வைக்கிதேன்."

தளவாய் ஓடினார். நாற்பத்தாறு வயதுக்கு அது நல்ல ஓட்டம்.

கொம்பையா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "என் ரத்தம் வேண்டாமாம்மா?"

"உங்க ரத்தம் மட்டும் வேண்டாம்ணே."

"ஒரே குரூப்புல்லா?"

"ஓ பாசிட்டிவ்ங்கிறது தெருப் பேருண்ணே. நாங்க வீடு தேடிக்கிட்டு இருக்கோம். அவங்க கூடப்பொறந்தவங்க இருக்காங்களா?"

"ரெண்டு அண்ணன்மாரு."

"வரச் சொல்லுங்க."

தளவாய் திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அடுத்த இரண்டு பைகளையும் ஹப்ஸா பார்த்து அனுப்பி முடித்திருந்தார்.

"பிரஷர் ஏறுது மேடம். போக்கும் நின்னுட்டு. பிள்ளை எங்கன்னு கேட்டாளாம்."

ஜன்னலுக்கு வெளியே கொம்பையா தலையில் கைவைத்து உட்கார்ந்து அழுதார். அது சந்தோஷ அழுகை.

தளவாய் நாற்காலியில் உட்காரவில்லை.

"நான் முதல்ல பொருந்துதுன்னு சொன்ன பை போயிருந்தா?"

"கிட்னி போயிருக்கும். அவளும் போயிருக்கலாம்."

ஹப்ஸா அதைப் பூசி மெழுகவில்லை. தளவாய் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"இனிமே என்னையக் குழாயைத் தொட விடாதீங்க மேடம்."

எலும்பு வார்டிலிருந்து புது மாதிரி வந்திருந்தது. ஹப்ஸா தானே உட்கார்ந்து கலந்தார், சூட்டில் வைத்தார், நிதானமாக மூன்று தடவை கழுவினார், மருந்து விட்டுச் சுழற்றினார். குழாய் கலைந்து ஓடியது. அதைக் குப்பியோடு சேர்த்துத் தளவாய் பக்கம் நகர்த்தினார்.

"சொட்டை நீங்க விடுங்க."

"நீங்க கழுவினதுலயுமா, மேடம்?"

"எனக்கும் போன் வரும், டாக்டர்."