நினைவு மரத்தை விற்ற மரங்கொத்தி

ஒரு காட்டில், குழந்தைகளே, மறதிக்காரர்கள் எல்லாரும் வரிசையில் வந்து நிற்கும் வேங்கை மரம் ஒன்று இருந்தது.

அணில் விதை புதைத்த இடம், கரடி தேன்கூடு பார்த்த பாறை, மான் தண்ணீர் குடித்த ஊற்று என்று எதை மறக்கக் கூடாதோ, அதை அங்கிருந்த மரங்கொத்தியிடம் சொல்வார்கள். அது பட்டையில் கொத்திக் குறித்து வைக்கும். கேட்க வரும்போது அலகால் தடவிப் பார்த்து அப்படியே திருப்பிச் சொல்லும். கூலி ஒரு வாய்க் கறையான்.

"எனக்கு எதுக்குத் தலையில பாரம்? எல்லாம் மரத்துல இருக்கு" என்று தன் சொந்த வழிகளையும் அதிலேயே குறித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும்.

சும்மா இருந்திருக்கலாம். ஆற்றோரத்துப் பட்டுப்போன இலவ மரத்தில் வரிசையாகப் பொந்து குடைந்து, கிளிகளுக்கு வாடகைக்கு விடப் போனது. வெள்ளம் வந்து பொந்துகளை மரத்தோடு அடித்துக்கொண்டு போனது. அங்கே சேர்த்து வைத்த தீனியும் அதோடு போயிற்று. கூட்டில் குஞ்சுகள் பசியில் வாயைப் பிளந்தன.

மறுநாளே நரி வந்தது, குரங்கையும் ஆமையையும் கூட்டிக்கொண்டு.

"மூணு பேரும் சேர்ந்து இந்த வேங்கையை வாங்கிக்கறோம். மழைக்காலம் முழுக்க உங்க பிள்ளைகளுக்குப் புழு எங்க பொறுப்பு."

"அடிமரத்தை மட்டும் எனக்கு விடுங்களேன், என் சொந்த வழியெல்லாம் அதுலதான் இருக்கு" என்றது மரங்கொத்தி.

"கொடுத்தா முழுசா கொடுங்க. இல்லேன்னா நாங்க கிளம்பறோம்."

நரி நாலடி நடந்தது. அது போகிற ஆள் இல்லை, போகிற மாதிரி நடந்தது. மரங்கொத்திக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. குஞ்சுகளைப் பார்த்தது, தலையாட்டிவிட்டது.

மரத்துக்கு அடி முதல் நுனி வரை முள் சுற்றினார்கள். மூவரும் ஒன்றாகத் தலையாட்டினால்தான் முள்ளை விலக்கலாம் என்று பேச்சு.

குஞ்சுகள் வயிறு நிறைந்து வளர்ந்தன. ஆனால் சிறகு முற்றுவதற்குள் கோடை வந்து ஆற்றையும் குட்டையையும் குடித்துவிட்டது. மரங்கொத்தி வேங்கை மரத்துக்குப் பறந்து வந்தது.

"ஊற்றுக்கு வழி மட்டும் பார்த்துக்கறேன். பிள்ளைங்களுக்கு நாக்கு வறண்டு கிடக்கு."

"பாவம்தான்" என்றது நரி. "ஆனா குரங்கு மாங்காட்டுக்குப் போயிருக்கு. ஆமை மண்ணுக்குள்ள தூங்குது. நான் ஒருத்தன் தலையாட்டி என்ன ஆகப்போகுது?"

மரத்தடியில் வரிசையே இல்லை. அந்தப் பக்கம் வந்த பெண்மான் ஒன்று நின்றது.

"என்ன அண்ணே, சொந்த மரத்துக்கு முன்னால பிச்சைக்காரர் மாதிரி நிக்கறீங்க?"

"இப்ப சொந்தமில்லை, தங்கச்சி. ஊற்று எந்தப் பக்கம்னே தெரியலை."

"நீங்க வித்த அன்னைக்கே நாங்க இங்க வர்றதை விட்டுட்டோம். தினம் நடந்து நடந்து வழி என் காலுக்கே பழகிப்போச்சு."

"கூட்டிட்டுப் போறியா? கூலி என்ன வேணும்?"

"முதல்ல பிள்ளைங்களை என் முதுகுல ஏத்துங்க" என்றது மான்.

குஞ்சுகள் குலுங்கி விழாதபடி மெதுவாக நடந்தது. பாறை இடுக்கில் ஊற்று மின்னியது. வயிறு முட்டக் குடித்த சின்னக் குஞ்சு கேட்டது.

"அப்பா, இந்த வழியை யார்கிட்ட சொல்லி வைக்கணும்?"

"யார்கிட்டயும் வேண்டாம், கண்ணு. திரும்பிப் போறப்ப நல்லா பார்த்துக்கிட்டே வா" என்றது மரங்கொத்தி. தானும் ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே பறந்தது.

நீதி: நட்டத்தை அடைக்க எதை வேண்டுமானாலும் விற்கலாம், நாளைக்கு வழி சொல்ல வேண்டியதை மட்டும் விற்கக் கூடாது.