நாற்பது தகரக் கூரைகள்

கடலோர முகாம் ஒன்றில் அகதிக் குடும்பங்கள் நாற்பதுக்கும் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். தற்காலிக ஏற்பாடுதான் என்றார்கள். ‘எதையும் மாற்ற மாட்டேன், மாற்றினால் காலி செய்துவிடுவேன்’ என்ற தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். மன்னாரிலிருந்து படகேறி வந்த யோகமலரும் போட்டாள்.

சித்திரை வெயிலில் கொட்டகைக்குள் உட்கார முடியவில்லை. அங்கே சித்தாள் வேலைக்கு வந்த தெய்வானை, சென்னையில் கூவம் கரைக் குடிசையில் வளர்ந்தவள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இந்த பிளானைப் போட்டவன் ஒரு நாள் உள்ள குந்திப் பாத்தானாக்கா? சுவத்துக்கும் கூரைக்கும் நடுவுல ஒரு சாண் சந்து விடு, சூடு வெளிய போவும். தகரத்துக்கு அடியில கீத்து கட்டு. எங்க ஆளுங்க அப்டித்தான் காலம் தள்றோம்.”

“இனிப் பொறுக்க ஏலாது. செய்வம்” என்றாள் யோகமலர். ஒரே பகலில் இருவரும் முடித்தார்கள்.

மறுநாள் வந்த மேற்பார்வையாளர் திருஞானம் உள்ளே கால் வைத்ததுமே வியர்வை அடங்க நின்றுவிட்டார். தாளின்படி அவளை வெளியேற்ற வேண்டும். “நான் எதையும் பாக்கலம்மா. ஆனா வெளியே மூச்சு விடாதீங்க. எல்லாரும் ஆரம்பிச்சா என் வேலை போயிடும்” என்றார். யோகமலர் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பத்தாம் நாள், அடுத்த வரிசையில் சுகந்தியின் பச்சைக் குழந்தை வெக்கை தாளாமல் இறந்துபோனது.

விசாரணைக்கு வந்த அதிகாரியை யோகமலரே தன் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். “வந்து நில்லுங்கோ! இஞ்ச இருந்திருந்தால் அந்தப் பிள்ளை செத்திருக்குமோ?” என்று கத்தினாள்.

அதிகாரி கூரையைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார். “இதைச் செய்தது யார்?”

தெய்வானை கேட்காமலே வழி சொன்னவள். யோகமலர் எழுதிக் கொடுத்த வாக்கை மீறியவள். திருஞானம் இரங்கி விட்டுவிட்டவர். இந்த மூவரில் பெரிய தவறு செய்தவர் யார்? நீங்களே சொல்லுங்கள்.

விடை: திருஞானம்தான். தெய்வானை தெரிந்ததை ஒளிக்கவில்லை. வாழத் தகாத இடத்தைக் கொடுத்து வாங்கிய வாக்கு யோகமலரைக் கட்டாது. அவள் மற்றவர்களிடம் சொல்லாமல் இருந்ததும் தெருவில் நிற்க வேண்டுமே என்ற பயத்தால்தான். மேலிடத்துக்கு எழுதும் பேனா திருஞானத்திடம் மட்டுமே இருந்தது. ஒரு கூரை குளிர்ந்ததை உடம்பால் அறிந்தும், மற்ற முப்பத்தொன்பதைக் கொதிக்க விட்டார். அதை இரக்கம் என்று வேறு நினைத்துக்கொண்டார். விசாரணை நடந்த அன்றே முகாம் பெண்கள் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே சந்து விட்டுக் கீற்றுக் கட்ட, சுகந்தியின் கூரையில் முதல் தகரத்தைப் பிரித்தார்கள்.